ஹெப்சிபா பாடிய டிஸ்க்

மூடி கழற்றிய கணினிப் பெட்டிக்குள் கையை விட்டு, பழைய டிஸ்க்குகள் இரண்டின் வயர்களையும் எலியேசரே பிடுங்கினார். மச்சினன் பெர்லின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு கங்கைகொண்டானில் கம்பெனி வேலை, கம்ப்யூட்டர் தண்ணீர் பட்ட பாடு. படங்களையும் பாட்டுகளையும் பிரதி எடுத்துப் பத்திரமாக வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் அமைத்துத் தருகிறேன் என்று புது டிஸ்க்கோடு வந்திருந்தான்.

“பழச கழட்டாம மட்டும் சோதிச்சுப் பாத்துரக் கூடாது அத்தான். சாப்ட்வேருக்கு எது பொக்கிஷம்னு தெரியாது. காட்டுன டிஸ்க்க தொடைச்சிட்டுப் போயிரும்.”

இதைச் சொன்னதே அவன்தான். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் எலியேசர், பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். ஒரு டிஸ்க்கில் குடும்பப் படங்கள். இன்னொன்றில் மனைவி ஹெப்சிபாவின் குரல், சபைப் பாடகர் குழுவில் அவள் பாடிய அத்தனை பாட்டும். வேறெங்கும் பிரதி கிடையாது. கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குப் பேச்சே கரகரவென்று பாதிதான் வரும், பாட்டு அடியோடு போய்விட்டது. அதனால் பாளையங்கோட்டையில் யார் அந்த வீட்டுக்குப் போனாலும் காப்பிக்கு முன்னால் பாட்டு வந்துவிடும். “எங்க வீட்டம்மாதான், எப்படி பாடியிருக்கா பாருங்க” என்று சத்தத்தைக் கூட்டுவார். வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஹெப்சிபா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கூச்சப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

“ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போம்” என்று எலியேசர் ஹெப்சிபாவையும் கூப்பிட்டார். மிக்ஸி வாங்கினாலும் ஜெபம் பண்ணித்தான் ஓடவிடுகிற வீடு அது. எலியேசரின் ஜெபமோ லேசில் ஆமெனைத் தொடாது. ஊழியக்காரர்கள், ராதாபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரீபா, பெய்யாத மழை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சர்வருக்கு வந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். ஆமென் மட்டும் மூன்று பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

பெட்டியை உயிர்ப்பித்ததும் எந்த டிஸ்க் என்று திரை கேட்டது.

“புதுசு போக இன்னொண்ணு காட்டுதேலே?”

“அது சாப்ட்வேரு ஏத்த நாம சொருகுன பென்டிரைவு அத்தான்.”

மத்தியானம் முழுக்க ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. புது டிஸ்க்கைச் சோதிக்கிறது என்றான் பெர்லின். சாயங்காலம் பெட்டியை அணைத்துவிட்டு, பழையவற்றைத் திரும்ப மாட்ட எலியேசர் குனிந்தார். படங்கள் இருந்த டிஸ்க்கின் வயர் அவர் விட்டபடியே தொங்கியது. பாட்டு டிஸ்க்கில் வயர் ஏற்கெனவே மாட்டியிருந்தது.

“அழிச்சிட்டியாலே?”

பெர்லின் தரையைப் பார்த்தான். “ஆமா அத்தான். திரும்ப எடுக்க முடியாது.”

“ஜெபத்துல நிக்கும்போதா லே கைய வச்ச?”

“அவன வையாதிய” என்று அடுக்களை வாசலிலிருந்து கரகரத்த குரலில் ஹெப்சிபா சொன்னாள். “நாந்தான் மாட்டச் சொன்னேன்.”

எலியேசர் பெட்டியை விட்டு எழுந்தார். வெளியாள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். கூட இருந்தே இரண்டு பேரும் குழி பறித்திருக்கிறார்கள், அதுவும் அவர்களுக்காகவும் சேர்த்து அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது.

“செத்தவ பாட்டப் போடுத மாதிரி போடுதிய. நான் காப்பியோட அங்கன உயிரோட நிக்கேன். வேண்டாம், வேண்டாம்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? அந்தப் பாட்டுச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கவே இல்ல.”

“எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான, ஹெப்சி.”

பெர்லின் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எலியேசர் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். இருட்டியபின் ஹெப்சிபா கதவோரம் வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்கத்தான் செய்தது, திரும்பவில்லை. கழுத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இன்னொரு முறை கூப்பிட்டாள். குரல் பாதியில் உடைந்து கிறீச்சிட்டது. எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எலியேசர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தாள்.