இடது பக்கம், கீழே

புது லேப்டாப்பின் திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிப்பதா வேண்டாமா என்பதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பூரணிக்கும் செங்கல்வராயனுக்கும் சண்டை. அதற்குப் பிறகும் இருவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் பின்னால் எதுவும் ஒளிந்திராத, வாய்க்கு ருசியாகச் சும்மா போட்ட சண்டை அதுதான் கடைசி.

"உரிக்காத மாமா. கொஞ்ச நாள் போவட்டும். தூசு படாது."

"மேல பாலிதீன் சுத்திக் கீற தோல நான் பாஸ் பண்ணுவனா? உரிச்சாத்தான் சரக்கு தெரியும்."

"இது தோல் இல்ல. லேப்டாப்பு."

"எனக்கு எல்லாம் சரக்குதான் டீச்சரம்மா."

நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்துவிட்டான். சுருண்டு விழுந்த தாளை எடுத்து அவள் அவன் தலையில் போட்டாள். அவன் அதை எடுக்காமலே திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கல்வராயன் துத்திப்பட்டுப் பக்கம் ஒரு தோல் பாக்டரியில் செலக்ஷன் டேபிளில் நிற்பவன். பாலிஷ் ஆகி வரும் தோலை மேசைமேல் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, நரம்போட்டம் எல்லாவற்றையும் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது கழிவு என்று பிரித்துப் போடுகிற வேலை. வாலிபத்தில் அந்த மேசைக்கு வந்தவன், அங்கேயே நரைத்தான். தெருவில் பட்டுப்புடவை எடுத்தாலும் பழைய பைக் வாங்கினாலும் அவனிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் மறுவேலை. பெண் பார்க்க வந்த அன்று காபி டம்ளரின் விளிம்பில் இருந்த நெளிசலை அவன் தடவிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "பொண்ணப் பாக்க வந்தீங்களா, பாத்திரம் பாக்க வந்தீங்களா?" என்று பூரணியின் அத்தை கேட்டாளாம். அந்தக் கண்ணைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது.

பூரணி ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளை இல்லாத வீடு. அந்தப் பேச்சை இருவரும் எப்போதோ பேசித் தீர்த்துவிட்டார்கள். இனி வீட்டிலிருந்தே வகுப்பு எடுக்கட்டும் என்று அவன்தான் அந்த லேப்டாப்பை வாங்கித் தந்தான்.

அன்று மாலையே கேட்டான். "இடது பக்கம் கீழ இன்னா அது?"

"எது?"

"மங்கலா கீதே. ஈரக் கையி வெச்ச மாதிரி."

அவள் முந்தானையால் துடைத்தாள். கண்ணாடித் துணியால் துடைத்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தாள். அவள் பார்வைக்குத் திரை பளிங்கு போல இருந்தது.

"ஒண்ணும் இல்லியே மாமா."

"உனக்குத் தெரியாது. நீ உள்ளாற கீறத பாக்கறவ. நான் மேல கீறத பாக்கறவன்."

அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் அவளிடம் எதற்கும் காரணம் உண்டு. விண்டோஸில் டிரைவர் சரியாக ஏறாவிட்டால் இப்படி ஆகும் என்றாள். லினக்ஸ் போட்டுப் பார்ப்போம் என்றாள். அவளுக்கு லினக்ஸ் மேல் பழைய பிரியம். பிள்ளைகள் கொண்டுவரும் செத்துப்போன லேப்டாப்புகளில் அதைப் போட்டு உயிர் கொடுத்து அனுப்பியவள்.

"விண்டோஸ்னா பேரு தெரிஞ்ச சரக்கு," என்றான் அவன். "உன் லினக்ஸு ஓசில வர்றது. ஓசில வர்ற தோல்லதான் ஓட்டை ஜாஸ்தி."

"ஓசி இல்ல. ஊரே சேந்து செஞ்சது. தப்பு இருந்தா நூறு பேரு கண்ணுல படும். விண்டோஸ்ல அவனே செஞ்சு அவனே பாஸ் பண்ணிக்கறான்."

"அங்க செலக்ஷன் டேபிளே கெடையாதா?"

"கெடையாது."

"அப்ப போடு உன் லினக்ஸ."

விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டு என்கிற லினக்ஸையும் ஏற்றினாள். அது திறந்தபோது கத்தரிப்பூ நிறத்தில் இருட்டாக ஒரு திரை வந்தது. இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அவன் சாய்ந்து பார்த்தான், தள்ளி உட்கார்ந்து பார்த்தான்.

"போயிருச்சு பூரணி."

"இப்ப சொல்லு. எது சரக்கு?"

"ஒத்துக்கறேன் தாயே."

மறுநாள் சென்டரில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இருட்டின் மேல் இருட்டு தெரியாது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து வெள்ளைப் பக்கத்தில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தவளின் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தவன், "திரும்ப வந்துருச்சே" என்றான்.

அதற்குள் வேறு ஒன்று நடந்தது. அவன் பாஸ் பண்ணிய ஒரு லாட் தோல் திரும்பி வந்தது. ஷூ கம்பெனிக்காரர்கள் தோலை விரித்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். உண்ணித் தழும்பு அப்படியே இருந்தது. செக்ஷனைப் பார்த்துக்கொள்ளும் லியாகத் அலி அவனுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. அவர் சத்தம் போடவில்லை. "இன்னா வராயா, தூக்கமில்லியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கேள்வி அவனைப் படுத்திவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. லேப்டாப்பைத் திறந்து வெள்ளைப் பக்கத்தை வைத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பூரணி, இங்க வா. நெஜமாச் சொல்லு. இங்க ஒரு மங்கல் கீதா, இல்லியா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேட்டது திரையைப் பற்றி அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்த மேசையில் நின்றதெல்லாம் சரிதானா என்று கேட்கிறான். இல்லை என்று சொன்னால் அவன் நாளைக்கு அந்த மேசைக்கு எந்த முகத்தோடு போவான்?

"ஆமா மாமா," என்றாள். "இப்பத்தான் தெரியுது. லேசா."

"எங்க?"

"இடது பக்கம். கீழ."

அவன் மூச்சு விட்டதை அவள் கேட்டாள். தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தான். "அதான பாத்தேன்" என்றான். அன்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டான்.

மறுநாள் இருவருமாகப் பஜாரில் அதை வாங்கிய நவீத் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நவீத் சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். திரையில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பிக் காட்டினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே அண்ணே."

"எனக்குத் தெரியுது. இவங்களுக்கும் தெரியுது. இவங்க கம்ப்யூட்டர் டீச்சரு."

நவீத் பூரணியைப் பார்த்தான். பூரணி தலையை ஆட்டினாள்.

அவன் வேறு ஒன்று மாற்றிக் கொடுத்தான். பெட்டியைக் கட்டும்போது தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, எதுக்கும் ஒருவாட்டி கண்ணு டாக்டராண்ட காட்டிருங்களேன்" என்றான்.

பதில் சொன்னது பூரணிதான். "யாரு கண்ணப் பத்தி இன்னா பேசறே தம்பி? ஆம்பூர் பூரா கேட்டுப் பாரு." நவீத் "சாரிக்கா" என்றான். வழியெல்லாம் அவள் பொருமிக்கொண்டே வந்தாள். அவன்தான், "உடு, சின்னப் பையன்" என்று அவளைச் சமாதானப்படுத்தினான். தனக்காக அவள் சண்டை போட்டதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இரண்டாவது லேப்டாப்பிலும் அதே இடத்தில் மங்கல் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவ்வளவு அறிவு இருந்தது. அதை வைத்து அவர்கள் கண்டுபிடித்தது, அந்தக் கம்பெனி செய்கிற திரையே அப்படித்தான் என்பது. பூரணி அதிலும் உபுண்டு போட்டாள், பிறகு மின்ட் என்கிற இன்னொரு லினக்ஸ் போட்டாள். அதை எடுத்துவிட்டு மறுபடியும் விண்டோஸ் போட்டாள். எதில் மங்கல் கம்மி, எதில் ஜாஸ்தி என்று அவன் ரகம் பிரித்துச் சொன்னான். மின்ட் இரண்டாம் ரகம், விண்டோஸ் கழிவு. அவளும் "ஆமா, இதுல கொஞ்சம் கம்மியா கீது" என்று ஒத்து ஊதினாள். ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை சொல்வது சுலபம். அந்த நாட்களில் அவன் பைக்கின் இடது கண்ணாடி ஏதோ ஆட்டோவில் உரசி உடைந்தது. பேப்பரை வாசித்துக் காட்டும்போது வரியின் முதல் வார்த்தையை விழுங்கினான். "வேகமா படிக்கறேன்னு பாதிய முழுங்கிட்டுப் போறியே" என்று அவள் கேலி செய்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பாக்டரியில் அவன் இடது பக்கம் இருந்த தோல் வண்டியின் மேலேயே போய் இடித்துக்கொண்டான். வண்டி நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் தையல் போட்டதும் லியாகத் அலி யாரையும் கேட்கவில்லை. தன் காரில் இருவரையும் ஏற்றி நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பள்ளிகொண்டா தாண்டும்போது அவர், "பேஜார் பண்ணாத வராயா. காட்டிட்டு வந்துருவோம்" என்றார்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அவன் முன்னால் பிடித்தார். புள்ளியையே பார்க்கச் சொன்னார்.

"நீங்க சொன்ன மங்கல் இதுல தெரியுதா?"

"தெரியுதும்மா."

"எங்க?"

"இடது பக்கம். கீழ."

டாக்டர் தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். "இப்ப?"

அவன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பூரணிக்குப் புரிந்துவிட்டது. செலக்ஷன் டேபிளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவன் சொல்லும் முதல் பாடம் அதுதான். தோலில் கறை மாதிரி தெரிந்தால், தோலைத் திருப்பிப் போட்டுப் பார். கறை தோலோடு திரும்பினால் அது தோலில் இருக்கிறது. திரும்பாவிட்டால் நீ பார்ப்பது நிழல். ஒரு நாளைக்கு எத்தனை தோலைத் திருப்பிய கை அது. வீட்டு மேசைமேல் இருந்த லேப்டாப்பை ஒருமுறை திருப்பி வைத்துப் பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவள் சொன்ன ஒரு "ஆமா" இருந்ததே, அதற்குப் பிறகு அவன் எதற்குத் திருப்ப வேண்டும்?

"இடது பக்கம்," என்றான் அவன், மெதுவாக. "கீழ."

ஸ்கேன் எடுத்தார்கள். கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் பின்பக்கத்தில் கட்டி என்றார்கள். இன்னொரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி விளக்கினார். செங்கல்வராயன் அந்தப் படத்தையும் சாய்ந்து சாய்ந்துதான் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், எங்க வீட்டம்மாவுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. அவங்களுக்கும் அதே எடத்துல தெரிஞ்சுது" என்றான்.

டாக்டர் சிரித்தார். லியாகத் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூரணி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கேலிதான் இருந்தது. கேலிக்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு அவன் வெளியே இருந்தபோது பூரணி மட்டும் டாக்டரிடம் போய், முன்னாடியே வந்திருந்தால் என்று கேட்டாள். "கொஞ்சம் கூட டைம் கெடச்சிருக்கலாம்மா. கெடைக்காமலும் போயிருக்கலாம். இந்த வகைக்குச் சொல்ல முடியாது" என்றார். அவளை நோகடிக்கக் கூடாதென்று சொன்னாரோ, உண்மையே அதுதானோ. அவர் சொன்னதை அவள் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

ஆபரேஷன் செய்து, கதிர்வீச்சுக் கரன்ட் வைத்து, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அடுத்த வெயில்காலம்வரை போனது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அந்தக் கதையைச் சொன்னான். "எனக்குத் தெரிஞ்ச மங்கல் எங்க டீச்சருக்கும் தெரிஞ்சுது. பொருத்தம்னா அது பொருத்தம்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே டீ கொடுப்பாள். எல்லோரும் போனபிறகு சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். எனக்குத் தெரியல மாமா, உனக்காகத்தான் சொன்னேன். அவ்வளவுதான், சின்ன வார்த்தை. ஆனால் சொல்லிவிட்டால், அவனோடு சேர்ந்து அதைப் பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போய்விடுவார்களே என்றும் இருக்கும். பிறகு அவனுக்குப் பேச்சு குழறியது. பிறகு அவள் சொன்னாலும் அவனுக்குப் புரிந்ததா என்று தெரியாத நிலை வந்தது. அப்போது ஒருநாள், தலையணையைச் சரிசெய்யும் சாக்கில் காதருகே குனிந்து சொன்னாள். அவன் அவள் வளையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்திரை பிறந்து சில நாட்களில் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் பூரணி சென்டரை விட்டு வீட்டிலிருந்தே ஆன்லைனில் வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். குடியாத்தம், நாட்றம்பள்ளி என்று எங்கெங்கோ இருந்து பெண் பிள்ளைகள் சேர்கிறார்கள். அவள் பாடம் நடத்துவது விண்டோஸில்தான். கேட்பவர்களுக்கு அதுதான் வேண்டும். தன் திரையை அவர்களுக்குக் காட்டியபடி பேசும்போது அவ்வப்போது யாராவது ஒருத்தி கேட்பாள்: "மேம், எல்லாருக்கும் ஐகான் லெப்ட்ல இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் ரைட்ல?"

விண்டோஸ் எதையும் இடது ஓரத்தில்தான் அடுக்கும். அங்கே இருப்பது ஒன்றும் தெரியவில்லை என்று அவன் முனகிய ஒரு நாளில், அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வலது பக்கம் இழுத்து வைத்துக் கொடுத்தாள்.

"எனக்கு அங்கதான்மா பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வாள். புதிதாக எதைச் சேமித்தாலும் அது இடது பக்கத்தில் வந்து நிற்கும். அவள் அதை வலது பக்கம் கொண்டுபோய் வைப்பாள்.