அண்ணி பின்னிய ஸ்வெட்டர்

நாத்தனாரும் அண்ணியும் ஒட்டிக்கொண்டு திரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? "இதுல ஏதோ உள்குத்து இருக்கு" என்று பின்னல் சங்கத்தில் ஆளாளுக்குக் கிண்டலடிப்பார்கள். உள்குத்து இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அவர்கள் நினைத்த மாதிரி இல்லை.

நூலகத்தின் பின்னறையில் புதன்கிழமை மூன்று மணிக்குச் சங்கம் கூடும். பதினோரு பெண்கள். கூடவே மப்ளரைத் தவிர வேறொன்றும் பின்னத் தெரியாத ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். தலைவி, ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஹெட் நர்ஸாக இருந்தவள். இன்னும் வார்டில் இருப்பதாகவே நினைப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாருடைய பின்னலும் மேஜையைச் சுற்றி வரவேண்டும். தப்பைக் கண்டவர் அங்கேயே ஊசியை உருவி அவிழ்த்துவிடலாம். மூன்று வாரம் தொடர்ந்து தப்பு வந்தால் ஊசியைப் பறித்து, நூல் சுற்றும் வேலைக்குத் தள்ளிவிடுவாள். அப்படித் தள்ளப்பட்ட தபாலாபீஸ் அம்மா இரண்டு வாரம் நூல் சுற்றினாள். மூன்றாம் வாரம் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

அதனால்தான் நாத்தனார் அந்தக் காரியத்தைத் தொடங்கினாள். அண்ணி தன் பேத்திக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். எண்பது கண்ணி இருக்கவேண்டிய வரிசையில் ஒருநாள் அறுபத்தேழு இருந்தது. பின்னல்களை வைத்துப் பூட்டும் சங்கத்து அலமாரியின் சாவி நாத்தனாரிடம். வியாழக்கிழமை காலையில் வந்து, தப்பான வரிசையை அவிழ்த்துச் சரியாகப் பின்னி வைத்தாள். முதலில் ஒரு வரிசை. பிறகு பத்து. ஒரு வருஷத்தில் அவிழ்க்காத வரிசை என்று எதுவும் மிஞ்சவில்லை.

பாசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பாசம் மட்டும்தானா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் அண்ணிதான் கைதேர்ந்தவள். நாத்தனாரின் கை மரக்கட்டை என்று பேர். இப்போது மேஜையைச் சுற்றி அந்த ஸ்வெட்டர் போகும்போது தலைவி, "பாருங்க, கைன்னா இது கை!" என்பாள். நாத்தனாருக்கு உள்ளுக்குள் இனிக்கும். அண்ணியோ ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நானாடி இவ்வளவு நல்லாப் பின்னியிருக்கேன்?" என்று கேட்பாள்.

"வேற யாரு அண்ணி? நீங்கதான்."

மழைக்காலம் தொடங்குமுன் அண்ணியின் மகன் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்தான். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்திருந்தாள்: வாசற்கதவு ராத்திரி பகலாகத் திறந்தே கிடக்கிறதாம், குழாய் மூடுவதே இல்லையாம். அம்மாவை அழைத்துப் போக ஓர் அறையே ஒழித்து வைத்துவிட்டு வந்திருந்தான். அண்ணிக்கு வந்ததே கோபம்! அன்று காலை நாத்தனாரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டரை அவன் மடியில் வீசினாள்.

"நல்லாப் பாருடா. ஒரு கண்ணி விழுந்திருக்கா? இதைப் பின்னினவளுக்கா மூளை கலங்கியிருக்கு?"

அவன் பார்த்தான். பிறகு அத்தையை வெளியே அழைத்து வந்தான்.

"அத்தை, வாராவாரம் நீங்கதான் கூட இருக்கீங்க. நீங்க சொன்னா கேட்டுக்கறேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போகட்டுமா, விட்டுட்டுப் போகட்டுமா?"

கதவிடுக்கில் அண்ணி நின்றிருந்தாள். அதட்டும் முகம் போய், தப்பு செய்துவிட்டு அடிக்குப் பயந்து நிற்கிற முகம். நாத்தனார் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். அண்ணி போய்விட்டால் புதன்கிழமைகள் என்ன ஆகும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

"நல்லாத்தான் இருக்காங்கப்பா. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொழுது போகல" என்றாள்.

அவன் மறுநாள் காலை கிளம்பிப் போனான்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி சங்கத்துக்குக் கிளம்பினாள். நூலகம் பூட்டியிருந்தது. பின்பக்கப் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மழை விடாமல் கொட்டியது, அவள் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்க வந்த வாட்ச்மேன்தான் பார்த்தான். குளிரில் விறைத்து, நினைவில்லாமல் கிடந்தாள். உயிர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்து, ஆறாம் நாள் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்த புதன்கிழமை, அம்மாவின் சாமான்களை வாங்கிப்போக மகன் சங்கத்துக்கு வந்தான். தலைவி ஸ்வெட்டரை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.

"கடைசி வரைக்கும் ஒரு கண்ணி தப்பலப்பா."

அவன் அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதான். பஸ் டிரைவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"டாக்டர் என்னென்னமோ சொல்றாரு, அத்தை. ரொம்ப நாளாவே ஞாபகம் போயிருக்கணுமாம். இதைப் பின்னினவங்க கிழமை மறப்பாங்களா? யாரோ வரச் சொல்லி உட்கார வெச்சிருக்காங்க. நூலகச் சாவி வெச்சிருக்கற அந்த வாட்ச்மேன்தான், அவனைச் சும்மா விடமாட்டேன். போலீஸுக்குப் போறேன்."

நாத்தனார் இப்போதும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு வருஷம் மூடியிருந்த வாய்தானே. ஆனால் வாட்ச்மேன் என்ன பாவம் செய்தான்?

"அவனை விட்டுடுப்பா. அதை உங்கம்மா பின்னல. நான் பின்னினேன்."

அறையில் ஊசிச் சத்தம் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அறுபத்தேழு கண்ணியை, வியாழக்கிழமைகளை, தலைவி பாராட்டும்போது இனித்ததைக்கூட விடாமல் சொன்னாள்.

"அப்போ நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் கத்துவான், அடிக்கக்கூட வருவான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அவன் ஸ்வெட்டரை மேஜைமேல் விரித்து, கழுத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"இதுல அம்மா பின்னினது எது, அத்தை? அதை மட்டும் காட்டுங்க."

அவளும் தேடினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவித் தேடினாள்.

"ஒண்ணுமில்லப்பா."

அவன் ஸ்வெட்டரை நாலாக மடித்து அவள் மடியில் வைத்தான்.

"உங்களோடது. நீங்களே வெச்சுக்குங்க."