திங்கட்கிழமை திரும்பி வந்த அக்கா

அந்த வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். எட்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த புதிதில், "என்னை அக்கான்னு கூப்பிடுங்க" என்று யாரிடமோ வாய் தவறிச் சொன்னாள். அவளுடைய அலமாரிக் கதவில் அதையே எழுதி ஒட்டிவிட்டார்கள். அறுபது வயது ருஷ்ய மெக்கானிக்கும் அவளை "அக்கா" என்பார். அவளும் திருத்தப் போகவில்லை. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி விரிப்புகள் அங்கே வண்டி வண்டியாக வரும். துவைத்த விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சூடான உருளைகளுக்குள் விட வேண்டும். எதிர் முனையை எட்டு வருஷமாகப் பிடித்தவள், பிலிப்பைன்ஸின் தகலோக் பேசுகிற ஒருத்தி. வீட்டில் அவளைப் பற்றிப் பேசும்போது அக்கா "என் ஜோடிக்காரி" என்பாள். கூடத்தில் எல்லாரும் ஒரு பொதுப் பாஷையைத்தான் பேசினார்கள். அதை ஒருத்தரும் ஒழுங்காகப் பேசாததால் யாருக்கும் கூச்சமில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்கப்போகிற ஹோட்டலில், துணி அறைக்குப் பொறுப்பாளர் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். துணி பிரிக்கிற சீனத்து அம்மா "ஸாய்ஜியென்" என்றாள். மெக்கானிக் கையைக் குலுக்கி "தஸ்விதானியா" என்றார். ஸ்பானிஷ்கார டிரைவர் "ஆதியோஸ்" என்று தொப்பியைக் கழற்றினார். ஜோடிக்காரி மட்டும் அவளைக் கட்டிக்கொண்டு, தோளில் மூக்கைச் சிந்தாத குறையாக அழுது, "பாலாம்" என்றாள்.

அக்காவும் அவளை இறுக்கிக்கொண்டு, தமிழிலேயே "போயிட்டு வரேன்" என்றாள். அந்த வேகத்தில் தன் குவளையைச் சீனத்து அம்மாவிடமும், முக்காலியை மெக்கானிக்கிடமும் தாரை வார்த்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரிப்பே அறியாத சூப்பர்வைசரிடம் போய், "எட்டு வருஷத்துல ஒரு நாள் சாப்பிட்டியான்னு கேட்டிருப்பீங்களா? கல்லுகூட மழைக்கு நனையும் சார்" என்று சொல்லிவிட்டு, ராணி மாதிரி வெளியே நடந்தாள்.

சனிக்கிழமை காலை ஹோட்டலிலிருந்து போன் வந்தது. துணி அறையில் குழாய் வெடித்து முழங்கால் தண்ணீர். திறப்பு ஆறு வாரம் தள்ளிப்போகிறது, பிறகு வந்தால் போதும் என்றார்கள். அந்த ஆறு வாரத்துக்குத் திரும்பி வரலாமா என்று சலவைக்கூடத்தின் அலுவலகத்தைக் கேட்டால், "இன்னும் ஆள் எடுக்கல, தாராளமா வாங்க" என்றார்கள்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு திரும்பிப் போறது?" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

"இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கிட்டுத்தான். மாத்து மூஞ்சிக்கு எங்க போறது?" என்றார் புருஷன். அவள் முறைத்த முறைப்பில் செய்தித்தாளுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய், துண்டுக் குவியலுக்குப் பின்னால் வேலை இருப்பதுபோல் குனிந்து நின்றாள். முதலில் கண்டுபிடித்தது சீனத்து அம்மா.

"வந்துட்டியா! மறுபடி பாக்கலாம்னுதானே சொன்னேன். ஸாய்ஜியென்னா அதான்."

மெக்கானிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க வார்த்தையும் அதேதான், அடுத்த சந்திப்பு வரைக்கும்னு. ஆனா ரெண்டே நாள்ல சந்திப்போம்னு நான் நினைக்கல, அக்கா."

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆதியோஸ்னு உன்னைக் கடவுள்கிட்ட ஒப்படைச்சேன். அவரே வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு!"

சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அக்கா துண்டுக் குவியலுக்குப் பின்னால் இன்னும் குனிந்தாள். அவர் தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்தவர்போல, "சாப்பிட்டாச்சா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விட்டார்.

ஜோடிக்காரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரிப்பின் முனையை வெடுக்கென்று இழுத்தாள். பத்து விரிப்பு போனது, இருபது போனது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் வந்தது பிடிக்கலையா உனக்கு?"

"ரெண்டு நாளா அழுதிருக்கேன்!" என்று வெடித்தாள் அவள். "தினமும் கிளம்பும்போது நாங்க 'இங்காத்'ன்னுதான் சொல்வோம். பத்திரமா இருன்னு அர்த்தம். பாலாம் அப்படி இல்ல. ரொம்ப நாள் பிரியறவங்களுக்குத்தான் அது. என்கிட்ட இருந்த பெரிய வார்த்தைய உனக்குக் குடுத்துட்டேன். ஆறு வாரம் கழிச்சு நீ திரும்பப் போவே. அப்ப நான் எதைச் சொல்ல?"

"நான் போயிட்டு வரேன்னுதானே சொன்னேன்."

"அப்படின்னா?"

"போறேன், திரும்பி வருவேன்."

ஜோடிக்காரியின் வாய் பிளந்தது. "வரேன்னே சொல்லிட்டுப் போயிருக்கே! அதை எனக்குப் புரியற பாஷையில சொல்லித் தொலைக்கிறதுதானே?" என்று ஈர விரிப்பைச் சுருட்டி அவள் மேல் எறிந்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உருளைக்குள் ஒரு விரிப்பு கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. மெக்கானிக் திட்டிக்கொண்டே அதை வெளியே எடுத்தார்.

அந்த ஆறு வாரமும் அக்காவுக்குப் பறந்தது. நாலாவது வாரம் ஹோட்டல்காரர்கள் போன் செய்து, "நம்ம துணியெல்லாம் யார்கிட்ட துவைக்கக் குடுக்கலாம்? உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா? போனைக் காதோடு வைத்தபடியே சூப்பர்வைசரின் அறைக்கு ஓடினாள். ஹோட்டல் துணி கூடத்துக்கே என்று பேசி முடித்ததும் அவர் உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் விரிந்தது. சிரிப்புதான் என்று அக்கா அன்று சத்தியம் செய்தாள். ஒருத்தரும் நம்பவில்லை.

இரண்டாவது தடவை அவள் கிளம்பிய நாளில் யாரும் மெஷினை நிறுத்தவில்லை. துணி மலைபோல் குவிந்து கிடந்தது. ஆளாளுக்கு இருந்த இடத்திலிருந்தே கையாட்டினார்கள். ஜோடிக்காரி விரிப்பை விடாமலே, "இங்காத்" என்றாள், நாளைக்கும் பார்க்கப்போகிறவள் போல.

ஹோட்டல் திறந்த மறுநாள், புதன்கிழமை காலை பின்வாசலில் சலவை வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து ஜோடிக்காரி குதித்தாள். முதல் நாள் துணியை எண்ணி வாங்க ஒரு ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் அடம்பிடித்து வந்திருந்தாள். எண்ண வந்தவள் ஒரு தலையணை உறையைக்கூட எண்ணவில்லை. துணி அறையைச் சுற்றிப் பார்த்தாள், அலமாரிகளைத் திறந்து மூடினாள், ஜன்னல் இருக்கிறதே என்று பொறாமைப்பட்டாள், புது ஆட்களின் மடிப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

வெளியே டிரைவர் ஹாரனை அழுத்தினார். "வரேன், வரேன்!" என்று அழகாகத் தமிழில் கத்திவிட்டு, ஜோடிக்காரி அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.