உள்ளே வைத்த மரம்

துளைக்கருவியின் முனையில் வந்த தூளைப் பார்த்ததுமே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

பனியில் சறுக்கும் ஸ்கீ பலகையின் மேல் காலணிப் பூட்டைத் திருகுவது என் வேலை. ஸ்கீயைச் செய்வது என் அண்ணன் கெப்ஹார்ட். மொண்டாஃபோன் பள்ளத்தாக்கில் எங்கள் பட்டறை இருவருக்கும் பொது. மேலே எதை வழவழவென்று ஒட்டினாலும், உள்ளே வைத்த கட்டை எதுவென்று துளை போட்டால் தெரிந்துவிடும். கெட்டியான, கனத்த ஆஷ் மரம் என்றால் சுருள் சுருளாக வரும், கருவி முனகும். பாப்லர் என்றால் துருவல். கடைகளில் விற்கிற மலிவு ஸ்கீக்குள் வைக்கிறானே நுரை ஃபோம், அது வெறும் மஞ்சள் மாவு. அதைப் பற்றிப் பேசக்கூட எனக்குப் பிடிக்காது. அன்று வந்தது பஞ்சு போன்ற வெளிர் தூள். பவுலோனியா. லேசான மரம், நுனிக்கும் வாலுக்கும் அருமையாக இருக்கும். ஆனால் காலடியில் மட்டும் அதன் நடுவே ஆஷ் கட்டைத் துண்டு வைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் திருகாணிக்குப் பிடி இருக்காது.

அண்ணன் வைக்கவில்லை. அதுவும் மலை மீட்புக்குழுவுக்கான ஸ்கீயில்! அடிபட்டவனைச் சறுக்குவண்டியில் கட்டி, அதை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்குகிறவர்கள் அவர்கள். வண்டியின் முன்கைப்பிடியைப் பிடிக்கிறவன் என் கணவன் வெண்டெலின்.

"அண்ணே, காலடியில ஆஷ் எங்க?"

"வேண்டாம்னு விட்டுட்டேன். கனம்."

"ஒரு ரொட்டித் துண்டு கனம் வருமா அது? இதுல திருகுறதும் சீஸ்ல திருகுறதும் ஒண்ணுதான்."

"முதல் ஜோடி முடிஞ்சாச்சு. மிச்சத்தையும் இப்படியே ஒட்டி அழுத்தப் போறேன். ஞாயித்துக்கிழமை பாதிரியார் வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

"பாதிரியார் தெளிக்கிற தண்ணியா திருகாணியப் பிடிச்சுக்கும்?"

அவன் கையிலிருந்த உளியை மூலையில் வீசினான். "போன வருஷம் உன் புருஷன் முழு ஆஷ் ஸ்கீய மாட்டிக்கிட்டு ஆமை மாதிரி ஏறி வந்தானே, மறந்துபோச்சா? என் புள்ள பனிக்கடியில மூச்சுக்கு ஏங்கிட்டுக் கெடந்தான். நீ எங்கிட்ட மரத்தப் பத்திப் பாடம் எடுக்குறியா?"

யோடோக் அண்ணனுக்கு ஒரே மகன். பனிச்சரிவில் புதைந்தவனைத் தோண்டி எடுத்தது வெண்டெலின்தான். எடுத்தபோது உயிர் இல்லை. அதிலிருந்து அண்ணன் வெண்டெலினிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்தக் கனத்த ஸ்கீயெல்லாம் செஞ்சது யாரு? நீதானே!" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் முகம் வெளுத்தது. "வாய மூடு."

"மூட மாட்டேன். நல்ல ஸ்கீதானே, நீயே ஏறு பாப்போம்."

பூட்டைத் திருகி முடித்தேன். தானாகக் கழலாதபடி அதன் விசையை முழுக்க இறுக்கி, ஸ்கீயைத் தரையோடு சேர்த்துப் பிணைத்தேன். அவன் காலணியை மாட்டிக்கொண்டு வீம்பாக ஏறி நின்றான்.

"முன்னால சாய். பின்னாலேர்ந்து வண்டி தள்ளுதுல்ல, நல்லாச் சாய்!"

சாய்ந்தான். குதிகால் பக்கத்துப் பூட்டு திருகாணிகளோடு பிய்த்துக்கொண்டு வந்தது. அண்ணன் மரத்தூளில் குப்புற விழுந்தான்.

"வண்டியில அடிபட்டவன், கீழ பள்ளம், நடுவுல என் புருஷன். இப்பப் புரியுதா?"

அவன் எழவில்லை. "காஞ்ச ஆஷ் இல்ல" என்றான் தரையைப் பார்த்தபடி.

பொய். இருந்தது. கூரைக்கடியில் ஒரே ஒரு அகலப் பலகை. தன் அடுத்த ஸ்கீக்காக யோடோக் தானே தேர்ந்தெடுத்து, ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதி வைத்தது. கனம், வேகம் என்று அண்ணன் அளந்ததில் பாதிதான் நிஜம். அந்தப் பலகையில் ரம்பம் படக்கூடாது என்பதுதான் மீதி. அதற்காக என் கணவன் பள்ளத்தில் விழலாமா? அண்ணன்மேல் இரக்கம் வரவேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் கூடியது.

ஏணியைச் சாத்தினேன்.

"தொடாத ரெகுலா! கைய வெச்சே, கொன்னுடுவேன்!"

"கொல்லு. செத்தவனுக்குப் பலகை எதுக்கு? உசிரோட இருக்குறவனுக்கு வேணும்."

பலகையை இறக்கி ரம்ப மேசையில் போட்டேன். அவன் எழுந்து வந்து என்னைத் தள்ளினான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பலகையைப் பிடுங்கிக்கொண்டான்.

"உனக்கு நேரா வெட்டத் தெரியாது" என்றான்.

எல்லா ஜோடிக்கும் துண்டு நறுக்கினான். பெயர் எழுதிய துண்டைக் கடைசியாக என் முன் வைத்தான். "இது வெண்டெலினுக்கு. வலது கால். அவன் காலுக்கடியிலயே இருக்கட்டும்."

"பழி வாங்குறியா?"

அவன் ரம்ப மேசையைத் துடைக்கப் போனான். அவனை ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது. இருந்தாலும் பசை தடவி, நானேதான் அதை உள்ளே வைத்தேன். மேலே மூடியதும் எழுத்து மறைந்தது. துளை போட்டபோது மரம் சுருள் சுருளாக வந்தது, திருகாணி இறுக்கமாகப் பிடித்தது. எந்த எழுத்தில் இறங்கியதோ, நினைக்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வெண்டெலின் வந்து தன் ஸ்கீயைத் தூக்கிப் பார்த்தான். "அட, எவ்வளவு லேசு!" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அண்ணனிடம் பேசும் பழக்கம் அவனுக்கும் விட்டுப்போயிருந்தது.

அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவையாவது சீக்கிரம் ஏறு, மாப்ள" என்றான்.