பஸ் பிடிக்கும் காட்சி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குறும்பட விழாவின் இணையப் பக்கம் மூடிவிடும்.

சந்திரலேகாவுக்குக் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. கம்பெனி பஸ் புறப்படுகிறது. நிறுத்தத்தில் சிதறி நிற்கும் பெண்கள் நாலா பக்கமிருந்தும் அதைப் பிடிக்க ஓடுகிறார்கள். பெண்கள் விரல் நீளம். கம்பி எலும்பு, பஞ்சு உடம்பு, சாம்பல் நிறச் சீருடை. பஸ் என்பது செருப்பு வந்த அட்டைப்பெட்டி. ஒவ்வொரு பொம்மையையும் நூலளவு நகர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்தி மறுபடி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மைகள் ஓடும்.

அவளுடைய திரைப்பட வாழ்க்கை இதுவரை மொத்தம் பதினொரு நிமிடம். இரண்டு படங்கள். முதல் படத்தைப் பார்த்த அப்பா, "படத்துல நீ எப்பம்மா வருவ?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது படம் சென்னையில் ஒரு கல்லூரியில் திரையிடப்பட்டது. சாப்பாட்டு இடைவேளையில். வயிற்றுப்பாட்டுக்கு, கைப்பேசியில் அனுப்பும் கல்யாண அழைப்பிதழ்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கையசைக்க வைத்தாள்.

இந்தப் படம் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் திங்கட்கிழமை கம்பெனி வேலைக்கு வந்துவிடுவதாகச் செல்வலட்சுமியிடம் சொல்லியிருந்தாள். சொன்னதும் தப்பு. செல்வலட்சுமி அன்றே மேலாளரிடம் பேசிவிட்டாள்.

செல்வலட்சுமி அறைத் தோழி. சங்கரன்கோவில்காரி. ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைன் லீடர். ஞாயிறு என்பதால் விடுமுறை. பாயில் படுத்து நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தாள். ஃபேன் போட்டால் பொம்மைகளின் சட்டை படபடக்கும்.

"எம்புட்டு தூரம்ட்டி ஓடியிருக்காளுவ?"

"முன்னால போறவ வலது காலைத் தூக்கியிருக்கா."

"காலையில இருந்தா?"

"காலையில இருந்து."

"எங்க லைன்ல இந்த வேகத்துல போனா முத கார் வாரதுக்குள்ள கார் வாங்க வந்தவன் கெழவனாயிருவான்."

"உங்க லைன்ல பெல்ட்டு தள்ளுது. இங்க நான்லா தள்ளணும்."

"நாளைக்கு வா. பெல்ட்டே தள்ளட்டும்."

பிற்பகலில் சந்திரலேகா குளிக்கப் போனாள். செல்வலட்சுமி கடைக்குப் போனாள். அந்த நேரத்தில் முப்பிடாதி ஓவர்டைம் முடிந்து வந்தாள்.

முப்பிடாதி அறைக்குப் புதியவள். வேலைக்கும் புதியவள். கேமரா ஸ்டாண்டைத் தொடக்கூடாது, ஃபேன் போடக்கூடாது என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அவள் கேமரா ஸ்டாண்டைத் தொடவில்லை. ஃபேன் போடவில்லை. ஆனால் அந்த வாரம்தான் அவளுக்குக் கம்பெனியில் ஃபைவ் எஸ் பயிற்சி முடிந்திருந்தது. கண்டபடி கிடப்பதை ஒழுங்காக அடுக்கி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறிக்கிற பயிற்சி. அவள் பிரிவில் அவளுக்குத்தான் பரிசு.

சந்திரலேகா ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

மேசைமேல் பொம்மைகள் உயர வரிசையில் சுவரோரம் நின்றன. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. தூக்கிய கால்கள் எல்லாம் தரைக்கு வந்திருந்தன. பஸ்ஸைச் சுற்றி மஞ்சள் டேப்பில் ஒரு கட்டம். ஒவ்வொரு பொம்மையின் காலடியிலும் ஒரு சின்னக் கட்டம்.

"யாரு எடுத்தாலும் அதே இடத்துல வைக்கலாம்லாக்கா," என்றாள் முப்பிடாதி. "காலெல்லாம் கோணிக் கெடந்துச்சு. நிமுத்தி விட்டுருக்கேன்."

சந்திரலேகா கட்டிலில் உட்கார்ந்தாள்.

கடையிலிருந்து வந்த செல்வலட்சுமி மேசையைப் பார்த்தாள். சந்திரலேகாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். பிறகு சந்திரலேகாவிடம், "உனக்கு யூனிஃபார்ம் மீடியமா, லார்ஜாட்டி?" என்றாள்.

முப்பிடாதிக்கு விஷயம் விளங்கியது. அழ ஆரம்பித்தாள். பொம்மைகளைப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன் என்று கை நீட்டினாள்.

"தொடாதே," என்றார்கள் இருவரும்.

பழைய இடம் யாருக்கும் தெரியாது. மடிக்கணினியில் கடைசிப் படத்தைத் திறந்து, பார்த்துப் பார்த்து வைக்கலாம். அதற்கே இருட்டிவிடும். அதன் பிறகு பஸ் கிளம்பி, கதாநாயகி அதைப் பிடித்து, படியில் ஏறி, மூச்சு வாங்க வேண்டும்.

சந்திரலேகா மேசை இருந்தபடியே ஒரு படம் எடுத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. அதையும் சேர்த்து முதலிலிருந்து ஓட்டினாள்.

வீட்டுக்காரம்மா ராஜம்மா அப்போதுதான் மாடிக்கு வந்தாள்.

"இன்னாம்மா, ஃபேன் சத்தமே காணோம். ஆள் கீறீங்களா, இல்லியா?"

கேட்டுக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். பெண்கள் கையும் காலும் நாலு திசையில் பறக்க ஓடினார்கள். சட்டென்று எல்லோரும் உயர வரிசையில், கையைக் கட்டாத குறையாக, சுவரோரம் நின்றார்கள்.

ராஜம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்ய, சூப்பர்வைசர் வந்துட்டாரா? இன்னொரு தபா போடும்மா."

சந்திரலேகா மறுபடி போட்டாள். ராஜம்மா அதே இடத்தில் சிரித்தாள். செல்வலட்சுமியும் சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த முப்பிடாதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சந்திரலேகா மூன்றாவது முறை போடவில்லை. எழுந்து கேமராவிடம் போனாள்.

"ஏட்டி, என்ன செய்யப் போற?"

"பஸ்ஸை எடுக்கப் போறேன். இவளுவ நிக்கட்டும்."

கதாநாயகி பஸ்ஸைப் பிடிக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. பஸ் மஞ்சள் கட்டத்திலிருந்து மெதுவாக வெளியேறியது. வரிசை அசையவில்லை. தலைகள் மட்டும் திரும்பின, சிறிது சிறிதாக, பஸ் போகும் திசையில். தலைகளை மட்டும் திருப்புவது சுலபம். சந்திரலேகா தலைகளைத் திருப்ப, முப்பிடாதி பெட்டியை நகர்த்தினாள். நகர்த்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"பாவம்க்கா. ஒழுங்கா நின்னவளுவளுக்கு பஸ்ஸு போச்சே," என்றாள்.

"பஸ்ஸைத் தள்ளுறது நீதான்," என்றாள் செல்வலட்சுமி.

ஐந்தரை மணி தாண்டியபோது படம் முடிந்தது. பெயர்கள் மட்டும் பாக்கி. சந்திரலேகா தட்டச்சு செய்தாள். கதை, பொம்மைகள், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம்: சந்திரலேகா.

"ஒத்தை ஆளா ஒரு டிபார்ட்மெண்டே நடத்துறியேட்டி," என்றாள் செல்வலட்சுமி. "எங்க கம்பெனியில தெரிஞ்சா அம்புட்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவான்."

சந்திரலேகா கீழே நன்றி என்று போட்டு மூன்று பெயர்களைச் சேர்த்தாள். ராஜம்மா தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போனாள். முப்பிடாதி திரையை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தாள்.

"இயக்கம்னா என்னதுக்கா?"

"யாரு எங்க நிக்கணும், எப்படி நிக்கணும்னு முடிவு பண்ணுறது."

அனுப்பும் பொத்தான்மேல் சந்திரலேகாவின் விரல் இருந்தது. முப்பிடாதி இன்னொரு முறை படித்தாள்.

"அப்பம், அம்புட்டு பேரையும் வரிசையா நிப்பாட்டுனது யாருக்கா?"