அறுபத்து நான்கு வராது

மதிய உணவு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டுகளோடு கீழே இறங்கிப் போன பிறகு, சுஜா டீச்சர் வகுத்தல் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வியாசர்பாடியில் அந்த மாநகராட்சிப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. மொத்தம் முப்பத்து நாலு தாள். நாலாவது கணக்கு 3624 ÷ 6. முப்பத்தொரு பிள்ளைகள் 64 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். இரண்டே பேர் 604 என்று சரியாக எழுதியிருந்தார்கள். மாயா ஒன்றுமே எழுதவில்லை. அவள் தாளில் பத்துக் கணக்கில் மூன்றுக்குத்தான் விடை இருந்தது. மற்ற ஏழும் வெறும் இடம். சுஜா சிவப்புப் பேனாவால் ஏழு பூஜ்யம் போட்டு, மேலே மூன்று என்று எழுதி, தாளை ஓரமாக வைத்தாள்.

மின்விசிறிக் காற்றில் அந்தத் தாள் பறந்து சன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளி வெளிச்சம் தாளின் வழியாக ஊடுருவி வந்தது. நாலாவது கணக்கின் இடத்தில் காகிதம் வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது. அவ்வளவு தேய்த்து அழித்திருந்தாள். பென்சில் போய்விட்டாலும் அது அழுத்திய பள்ளம் போகவில்லை. சுஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். 64. அதன்மேல் இன்னொரு 64. அதற்குக் கீழே கொஞ்சம் சாய்வாக மூன்றாவது தடவையும் 64. அடுத்த கணக்கு 816 ÷ 8. அங்கே 12 என்று எழுதி அழித்திருந்தது. அதற்கடுத்தது 5035 ÷ 5, அங்கே 17.

எழுதத் தெரியாத பெண் இல்லை இது. மற்றவர்கள் எழுதிய அதே தவறான விடையைத்தான் இவளும் எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, மூன்று முறை திரும்பச் செய்து பார்த்துவிட்டு, அழித்திருக்கிறாள். விட்டுப்போன ஏழு கணக்குகளையும் மறுபடி பார்த்தாள். ஏழிலும் விடைக்கு நடுவே பூஜ்யம் வர வேண்டும். பூஜ்யம் வராத மூன்றும் சரியாக இருந்தன.

மாயாவின் பெயரைப் போன வாரம்தான் அவள் ஒரு பட்டியலில் எழுதிக் கொடுத்திருந்தாள். படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளைச் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுவதற்கான பட்டியல் அது. உண்மையிலேயே தேவைப்பட்ட இரண்டு பிள்ளைகளின் பெயருக்குக் கீழே, யோசிக்காமல் மூன்றாவதாக மாயா என்று சேர்த்துவிட்டாள். மெதுவான பெண், கேட்டால் பதில் சொல்வதில்லை, கணக்கை முடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை அவள் அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக மேலே வந்தவள் மாயாதான். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தவளைச் சுஜா பக்கத்தில் கூப்பிட்டாள். தாளைக் காட்டினாள்.

“இங்க ஒரு விடை எழுதியிருந்தியே. ஏன் அழிச்சே?”

மாயா தரையைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ, தோளை ஒடுக்கிக்கொண்டாள்.

“திட்ட மாட்டேன். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.”

“அது வராது மிஸ்.”

“ஏன் வராது? எல்லாரும் அதைத்தானே எழுதியிருக்காங்க.”

“ஆறு நூறு போட்டா இன்னா மிஸ்? அறுநூறு. அறுபத்தி நாலு நூற விட கம்மி. அப்போ அத்த ஆறு வாட்டி போட்டாலும் அறுநூறுக்குள்ள தான நிக்கும்? மேல மூவாயிரத்துக்கு மேல கீது. மீதி எங்க போச்சி?” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னாள்: “நீங்க சொன்ன மாறி தான் மிஸ் போட்டேன். மூணு வாட்டி போட்டேன். அதுவே தான் வருது. அதான் அயிச்சிட்டேன்.”

சுஜா பதினொரு வருடமாக வகுத்தல் நடத்துகிறாள். பள்ளிக்கூட நாட்களில் கணக்கில் நூற்றுக்குக் குறைந்து எடுத்ததில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. ‘ஒரு எண்ணை இறக்கி, அது போகலைன்னா மேலே ஒரு பூஜ்யம் போட்டுட்டு அடுத்ததை இறக்கணும்’ என்று இந்த வகுப்பிலேயே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அந்தப் பூஜ்யத்தை மறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் கவனக்குறைவு என்று எழுதினாள். இந்தப் பெண்ணும் அதை மறந்தாள். ஆனால் தப்பு வந்துவிட்டது என்று இவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லித்தராத ஒன்று அது. தன் விடையைத் தானே தூக்கி நிறுத்தி, நீ இந்தக் கணக்குக்குப் பொருந்துவாயா என்று கேட்கிற துணிச்சல். நம்பாத விடையைக் கொடுப்பதைவிட வெறும் தாளைக் கொடுத்துத் திட்டு வாங்குவது மேல் என்று பத்து வயதில் முடிவு செய்திருக்கிறாள். அந்த வயதில் தனக்கு அது இருந்ததா என்று சுஜா யோசித்தாள். இல்லை.

அதைவிடச் சங்கடமான ஒன்று சாயங்காலம் ராயபுரம் பேருந்தில் வரும்போது உறைத்தது. போகலைன்னா ஏன் பூஜ்யம் போடணும்? போட வேண்டும் என்று தெரியும். ஏன் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவன் சாலமோனிடம் கேட்டாள். துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவன், சாத்தான்குளத்துக்காரன்.

“போகலன்னா பூச்சியம் போடணும்லா. அப்படித்தான வாத்தியாருவ சொல்லித் தந்தாவ.”

“அது ஏன்னுதான் கேக்கேன்.”

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். “கேட்டிருந்தா அடிச்சிருப்பாவ,” என்றான்.

சுஜா டீயைக் குடிக்காமல் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் 3624ஐ எழுதி, ஆறு பேருக்கு நிஜமாகவே பங்கு வைப்பதுபோல வட்டம் வட்டமாகப் போட்டுப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு எளிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகத் தலைமை ஆசிரியர் ஞானதுரையின் அறைக்குப் போனாள்.

“மாயா பேரை அந்தப் பட்டியல்ல இருந்து எடுக்கணும் சார்.”

“ஏத்தி அனுப்பியாச்சே டீச்சர். பத்துல ஏழு பூஜ்யம் வாங்கின பொண்ணு. உங்க கையில இருக்கற தாளே சொல்லுதே. பேரைக் குடுத்ததும் நீங்கதானே.”

“அந்த ஏழு பூஜ்யமும் நான் போட்டது சார். அவ வாங்கினது இல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தாளைச் சன்னல் பக்கம் தூக்கிக் காட்டினாள். அவர் எழுந்து வந்து, கிட்டப் போய், கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எடுக்கறதுன்னா நீங்க எழுதிக் குடுக்கணும். கணிப்பு உங்களுதுதான், தப்பா கணிச்சிட்டேன்னு. உங்க ஃபைல்ல இருக்கும் அது.”

“எழுதித் தரேன் சார்.”

“அவ அம்மாகிட்டயும் நீங்களே பேசிடுங்க.”

இரண்டாவது பாடவேளையில் சத்துணவுக் கூடத்திலிருந்து பதினெட்டு எவர்சில்வர் தட்டுகளை வாங்கிவரச் சொன்னாள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, ஆறு பிள்ளைகளை வரிசையாகத் தரையில் உட்காரவைத்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று தட்டு. தட்டுக்கு மேலே தரையில் சாக்பீஸால் நூறு, பத்து, ஒன்று என்று எழுதினாள். முந்தின நாள் மாலை வெட்டி வைத்த சீட்டுகளைக் கொடுத்து, மூவாயிரத்து அறுநூற்று இருபத்து நாலைச் சண்டையில்லாமல் ஆறு பேருக்கும் பங்கு வைக்கச் சொன்னாள். நூறு என்று எழுதிய சீட்டு முப்பத்தாறு. பத்து என்று எழுதியது இரண்டு. ஒன்று என்று எழுதியது நாலு. பங்கு வைக்க வந்தவன் வல்லரசு, வகுப்பில் எதற்கும் முதலில் கை தூக்குகிறவன்.

நூறு சீட்டுகள் ஆளுக்கு ஆறாக மளமளவென்று விழுந்தன. பத்துச் சீட்டில் மாட்டிக்கொண்டான். இரண்டே சீட்டு, ஆறு பேர்.

“எனுக்கும் அம்முவுக்கும் போட்டுட்டு போயினே இரு,” என்றான் வரிசையில் உட்கார்ந்திருந்த அமான்.

“எங்களுக்கு இன்னா நாமமா?” என்று மற்ற நாலு பேரும் கத்தினார்கள்.

“கியிச்சி குடுக்கட்டா மிஸ்?” என்றான் பங்கு வைத்தவன்.

“கிழிக்க வேணாம். மாத்திக்கலாம். ஒரு பத்துக்கு எத்தனை ஒன்று?”

இரண்டு பத்துச் சீட்டைச் சுஜாவிடம் கொடுத்துவிட்டு இருபது ஒன்றுச் சீட்டு வாங்கினான் வல்லரசு. ஏற்கெனவே இருந்த நாலோடு இருபத்து நாலு. ஆளுக்கு நாலு. கை காலியாகிவிட்டது. சந்தோஷமாகக் கரும்பலகைக்கு ஓடிப்போய், எட்டி, பெரிதாக 64 என்று எழுதினான்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பது சுஜாவுக்குப் பெரிய வேலையாக இருந்தது. வகுப்பு அவளைப் பார்த்தது. அவள் மாயாவைப் பார்த்தாள். மாயா சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து, அமான் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவன் தட்டுகளைப் பார்த்தாள். வகுப்பில் அவள் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

“டேய் வல்லரசு, இந்த ஆறு சீட்டு எந்த தட்டுல கீது?”

“நூறுல.”

“அப்பறம் இன்னாத்துக்கு அங்க அத்த பத்துல எய்தி வெச்சிகிற? நீ சீட்ட தூக்கி பத்து தட்டுல போட்டியா?”

“இல்ல.”

“பத்து தட்டு சும்மா தான கீது. காலின்னு எய்து.”

“காலின்னு எப்டி எய்தறது?”

கேட்டு முடிக்கும் முன்பே அவனுக்கே புரிந்துவிட்டது. ஆறையும் நாலையும் பார்த்தான். நடுவே இடம் இல்லை. நாலை அழித்தான், ஒரு முட்டை போட்டான், பக்கத்தில் நாலைத் திரும்ப எழுதினான். வகுப்பில் யாரோ ‘ஆங்’ என்றார்கள், வாசனை பிடித்தவர்கள்போல. முப்பத்து நாலு பிள்ளைகளும் அவரவர் நோட்டை எடுத்துப் பழைய கணக்குகளைப் புரட்டத் தொடங்கினார்கள். தட்டும் சீட்டும் சுஜாவின் யோசனைதான். ஆனால் ‘காலின்னு எழுது’ என்பது அவளுக்குத் தோன்றியிருக்காது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவள் கேட்காத வாக்கியம் அது.

அப்போதுதான் வாசலில் ஓர் ஆள் நிற்பதைக் கவனித்தாள். நீலச் சேலை, மேலே ஒப்பந்தக் கம்பெனியின் பச்சைக் கோட்டு. மாயாவின் அம்மா ரமாபாய். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டைச் சுத்தம் செய்கிற வேலை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சுஜா வராந்தாவுக்குப் போனாள்.

“கையெழுத்து போட சொன்னீங்களாம் டீச்சர். ரெண்டு மணி நேரம் பர்மிசன் சொல்லிட்டு வந்துகிறேன்.” முகம் இறுகியிருந்தது. “காட்ட சொன்னா காட்றேன். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இன்னா கொறன்னு சொல்லிட்டு கேளுங்க.”

“கையெழுத்து வேணாம்மா. குறை அவகிட்ட இல்ல. நான் சரியா பாக்கல.” சுஜா தாளை நீட்டினாள். அழித்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, மாயா சொன்னதை அப்படியே சொன்னாள். “தப்புன்னு தெரிஞ்சு அழிச்சிருக்கா. அது எனக்குத் தெரியாம அவ பேரை எழுதிட்டேன். தப்பு என்னுதுன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்திட்டேன்.”

ரமாபாய் தாளை வாங்கி, மெலிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

“மாசத்துக்கு நாலு ரப்பர் தேய்க்கும் டீச்சர் இது. இன்னாடி, துண்றியான்னு கேப்பேன். வாயே தொறக்காது. மண்டு மண்டுன்னு நானும் தான் சொல்லிகினு இருந்தேன்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எல்லாரும் சொன்னா அதுவும் நம்பிடும்ல.”

“அவ நம்பலம்மா,” என்றாள் சுஜா. “அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு.”

உள்ளே இரைச்சல் கூடியிருந்தது. சுஜா திரும்பிப் போனபோது மாயா மேசைக்கருகே காத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் பெர்சா ஒண்ணு குடு மிஸ்.”

குடு என்று சொன்னதற்கு அம்மா வாசலிலிருந்து அதட்டப் பார்த்தாள். பிறகு பேசாமல் இருந்துவிட்டாள். சுஜா பலகையைத் துடைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுதினாள்: 728056 ÷ 7. ஐந்தாம் வகுப்புக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

“போன் நம்பர் மாறி கீது,” என்றான் வல்லரசு.

மாயா சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுதவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். “லட்சத்த தாண்டும்,” என்றாள் தனக்குத்தானே. “ரொம்ப தாண்டாது.” பிள்ளைகள் காத்திருந்தார்கள். வெளியே மேட்டுப் பாதையில் பெரம்பூர் பக்கம் ஒரு சரக்கு ரயில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது; யாரும் திரும்பவில்லை. சீக்கிரம் போடு என்று சொல்ல எழுந்த வார்த்தையைச் சுஜா விழுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை லேசாக மூடி, அந்த எண்ணை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகியும் போகாமல் வாசலில் நின்ற ரமாபாயும், பலகையில் இருந்தது இன்னதென்று தெரியாமலே, அதே பக்கம் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.