திட்டினாலும் சரியாகத் திட்டணும்

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். பால் காய்ச்சி இரண்டு டம்ளர் டீ போடுகிறேன். சர்க்கரை இல்லாதது அத்தைக்கு. குடித்ததும் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கிறேன். காரை எடுக்கிறேன். டிரைவர் சீட்டை இன்னும் பின்னால் தள்ளவில்லை. என் மனைவி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவள் போய் மூன்று மாதம். முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். இடிக்கட்டும்.

அத்தை அவளுடைய அம்மா. தையல் கடையில் வேலை. போகிற வழியில் இறக்கிவிடுவேன். காரில் ஏறினால் அவருக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். அது பழைய பழக்கம். திட்டும் விதம்தான் புதிது.

இன்று பைக்கில் வந்த ஒருவன் குறுக்கே பாய்ந்தான். அத்தை ஜன்னலை இறக்கினார்.

"டேய் குருட்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பக்கமும் பாக்காம சந்துலேர்ந்து வர்றவனே!"

சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

"உங்க பொண்டாட்டி போட்ட சட்டத்துல ஒருத்தனையும் நிம்மதியாத் திட்ட முடியல மாப்ளே."

சட்டம் அவள் போட்டதுதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காலுக்குப் பலம் போய்விட்டது. ஊன்றுகோல் வைத்து நடப்பாள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதற்கு வலது கால் போதும். எங்கள் கார் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக், அதற்கும் அப்படித்தான்.

ரோட்டில் யாரையும் திட்டலாம். அவளே பிரமாதமாகத் திட்டுவாள். ஆனால் குருடா, செவிடா, லூசா எதுவும் கூடாது. அவன் செய்த தப்பைச் சொல்லித் திட்ட வேண்டும். அவள் பாடத்தில் குருட்டு வளைவுகூடக் கிடையாது. எதிரே வருவது தெரியாத வளைவுதான்.

ஒருமுறை கார் பழகத் தாமதமாக வந்த பேங்க் மேனேஜரிடம் பள்ளி ஓனர், "நொண்டிச் சாக்கு சொல்லாதீங்க சார்" என்றார். மேனேஜர் சிரித்தார். இவள் குறுக்கே புகுந்தாள்.

"நொண்டுறது நான். நான் சரியான நேரத்துக்கு வந்துட்டேன். அவர் சொல்றது பொய்ச் சாக்கு. அப்படியே சொல்லுங்க."

ஓனர் அப்படியே சொன்னார். மறுநாளிலிருந்து மேனேஜர் வேறு பள்ளிக்குப் போனார்.

இன்று அத்தையைக் கடையில் இறக்கவில்லை. ஓனர் போன் செய்திருந்தார். பள்ளிக்கு அவள் பெயரை வைக்கிறாராம், பலகை தயாராகிறது, இரண்டு பேரும் வந்து பாருங்கள் என்றார்.

போனோம். பெயின்டர் ஏணியில் நின்றிருந்தார். அவள் பெயர் முடிந்திருந்தது. அதன் கீழே 'ஊனத்தை வென்ற' என்பது வரை வந்திருந்தது.

"வீரமங்கைன்னு முடியும் சார்," என்றார் ஓனர். "படிக்கிறவன் கண்ணு கலங்கணும்."

தினமும் இந்த வழியாகத்தான் ஆபீசுக்குப் போகிறேன். தினமும் இதைப் படிக்க வேண்டும். சண்டை போட அவள் இல்லை. நான்தான் போட வேண்டும். வாய் வரவில்லை.

அத்தைக்கு வந்தது. "என்னத்த வென்றா? அவ என்ன குஸ்தியா போட்டா? அது பாட்டுக்கு அவகூட இருந்துச்சு."

"சரிம்மா. குறையை மீறி..."

"என் பொண்ணுகிட்ட என்னய்யா குறை? குறை உங்க வண்டி கிளட்சுல. எத்தனை வாட்டி சொல்லியிருப்பா!"

"தெய்வக் குழந்தை?"

"குழந்தையா? ஏழு கழுதை வயசு. புருஷன் இந்தா நிக்கிறாரு."

நின்றேன்.

ஓனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மாற்றுத்திறனாளின்னு போட்டா? அது மரியாதையான வார்த்தைதானே சார்?"

"மரியாதைதான்," என்றேன். "பஸ் பாஸ்ல அதைத்தான் எழுதுவா. இங்க எதுக்கு? உங்க பேருக்குக் கீழ கண்ணாடி போட்டவர்னா எழுதிக்குவீங்க? அவ வேலையைப் போடுங்க."

நான் இவ்வளவு நீளமாகப் பேசி நாளாகிவிட்டது. அத்தை திரும்பிப் பார்த்தார்.

ஓனர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "வேலையை மட்டும் போட்டா மொட்டையா..." சட்டென்று நிறுத்தினார். "மொட்டைன்னு சொல்லலாமா?"

ஏணியில் பெயின்டர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். பெயிண்ட் காயுது. அவங்க கடைசியா ஏதாச்சும் சொல்லியிருப்பாங்கல்ல? நிறைய பேரு அதை எழுதச் சொல்வாங்க."

"ஆமா!" என்றார் ஓனர். "எல்லாரும் நல்லா இருங்கன்னு சொன்னாங்களாமே. அம்மாதான் சொன்னாங்க."

அத்தை தரையைப் பார்த்தார். "நான் ஆம்புலன்ஸுல இல்ல. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் கேட்டாங்க. நீங்க வாயே திறக்கல. நான் என்ன பண்ணுவேன் மாப்ளே?"

நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் என்னிடம் இருக்காது என்று தோன்றியது. இப்போது சொன்னேன்.

நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவளை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வெள்ளைக் கார் திடீரென்று முன்னால் திரும்பியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். "டேய் குருட்டு நாயே!" என்று கத்தினார். அவள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினாள். என்னிடம் ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். அவள் பேசியது டிரைவரிடம். பேசிவிட்டு மாஸ்க்கை அவளே மாட்டிக்கொண்டாள். அதன் பிறகு பேசவில்லை.

அவள் பேசியதை நான் சொன்னதும் ஓனர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை பொத்திக்கொள்ளவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி சிரித்தார்.

"அவதான்," என்றார். "அவளேதான்."

பெயின்டர் மண்ணெண்ணெய்த் துணியால் 'ஊனத்தை வென்ற' என்பதை அழித்தார். இப்போது பலகையில் அவள் பெயர் இருக்கிறது. கீழே, ஓட்டுநர் பயிற்சியாளர். அதற்கும் கீழே அவள் சொன்னது, சொன்னபடியே:

"அண்ணே, அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. இண்டிகேட்டர்தான் போடல. அதைச் சொல்லித் திட்டுங்க."